யாரு கலந்தது

அத்த மேல தூக்கிப் போடாதீங்க தம்பி. மடியிலயே வெச்சிக்கோங்க. பள்ளிகொண்டா தாண்டினா இந்த வண்டி தூக்கித் தூக்கிப் போடும், மூடி தெறிச்சிதுன்னா அவ்ளோ காசும் சீட்டுக்கடியில போயிடும்.

புரோட்டீன் டப்பாதானே? பாத்தவுடனே தெரிஞ்சிக்கினேன். ஒரு கிலோவா? பில்லு வாங்கினீங்களா? மூடியத் தொறந்தா உள்ள வெள்ளிக் காயிதம் ஒட்டியிருக்கும், அது கிழிஞ்சிருக்கக் கூடாது. ஓகோ, அதெல்லாம் பாத்துத்தான் வாங்கினீங்களா. வெவரமான புள்ளதான்.

லுங்கி கட்டின ஆளுக்கு இதெல்லாம் எப்டித் தெரியும்னு பாக்கறீங்க. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும். இப்பக்கூட ஒசூருக்கு ஒரு டப்பா வாங்கத்தான் போய்க்கினு இருக்கேன். என் பொண்ணு வாங்கி வெச்சிருக்கும். மாசா மாசம் போறதுதான்.

என் பேரு தணிகாசலம். பாலாத்து ஓரமா ஊரு. தோல் கம்பெனியில லோடு ஏத்தி எறக்கற வேலை, இருபத்தாறு வருஷம் பாத்தேன். வீட்ல அஞ்சலாட்சி, ஷூ கம்பெனியில மெஷின் தைக்கிறா. ரெண்டு பசங்க. பெரியவன் லோகநாதன், லோகு. சின்னது பொண்ணு, ஹேமாவதி. ரெண்டு வருஷம் வித்தியாசம். ரெண்டுமே வெயிட் தூக்கற பசங்க.

எங்க பக்கம் அது அதிசயம் இல்ல. தெருவுக்கு ரெண்டு பேராவது தூக்குவாங்க. மெடல் வாங்கி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்குப் போயி, மாடி வீடு கட்டிக்கினு இருப்பாங்க. எங்க ஊர்ல குணசீலன் மாஸ்டர்னு ஒருத்தரு, தகர ஷெட்டு போட்டு, பசங்களுக்கு சும்மா சொல்லிக் குடுக்கறாரு. லோகுவ அங்க சேத்தேன். அவன் சாப்பாட்டுத் தூக்க எடுத்துக்கினு பின்னாடியே ஹேமாவும் போச்சு. போன எடத்துல சும்மா நிக்காம கம்பியத் தூக்கிப் பாத்திருக்கு. அப்டித்தான் ஆரம்பிச்சிது.

நாலு வருஷம் போச்சு. பையனுக்குப் பத்தொன்பது, பொண்ணுக்குப் பதினேழு. அப்பதான் இந்த பவுடர் பேச்சு வந்துது. ஷெட்டுல வசதியான பசங்கல்லாம் குலுக்கிக் குலுக்கிக் குடிக்கிறானுங்க, நம்ம பசங்க பாத்துக்கினு நிக்குது. நான் மாஸ்டர்கிட்ட போயி, இன்னா வாங்கலாம்னு கேட்டேன்.

"மாசம் எவ்ளோ ஒதுக்க முடியும்?"

"ரெண்டாயிரம், மாஸ்டர்."

"ஒருத்தருக்கா?"

"ரெண்டு பேருக்கும் சேத்து."

அவரு சிரிக்கல. அதுக்கு நான் அவர மெச்சணும். நோட்டுல இருந்து ஒரு தாளக் கிழிச்சி எழுதினாரு. முட்டை, பால், வேர்க்கடலை, சோயா உருண்டை, கொண்டக்கடலை. "மொதல்ல இதெல்லாம் வயிறு ரொம்பத் தின்னட்டும். பவுடர் கடைசி. சாப்பாட்டுக்கு மேல காசு மிஞ்சினா வாங்கு. இல்லன்னா அது இல்லாமலே தூக்கலாம்."

"எல்லாரும் குடிக்கிறாங்களே மாஸ்டர்."

"சரி, ஒரு டப்பாதான் முடியும்னா ஹேமாவுக்குக் குடு. லோகு நல்ல பையன், ஒழுங்கா வரான். ஆனா தூக்கறது அவதான். நேஷனல் போவா." அப்புறம் எழுந்திரிச்சி வந்து சொன்னாரு, "வாங்கினா சீல் ஒடையாத டப்பா வாங்கு, தணிகாசலம். கவர்ல அள்ளிப் போட்டுக் குடுக்கறானுங்க பாரு, அத்த மட்டும் தொடாத. அதுல இன்னா கலந்திருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது. ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டினா நாலு வருஷம் தூக்க வுடமாட்டாங்க."

நல்ல மனுஷன்தான். ஆனா அவருக்குப் புள்ள குட்டி கெடையாது தம்பி. பொட்டப் புள்ளைக்கு ஒடம்ப வளத்து வுட்டா அது நாளைக்கி இன்னொரு வீட்டுக்குப் போயி கொடந் தூக்கும். பையன் தூக்கினா வேலை, வேலை வந்தா கூரை மாறும், தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வெப்பான். அப்ப அதுவும் அவளுக்குத்தானே. மாஸ்டருக்கு இந்தக் கணக்கு புரியாது.

அதுக்காக நான் ஓரவஞ்சனை பண்ணவன் இல்ல. எங்க ஊர்ல வந்து யாரை வேணா கேளுங்க. டப்பா பையனுக்கு, பொட்டுக்கடலை மாவு பொண்ணுக்கு. நானே மெஷினுக்குக் கொண்டுபோயி அரைச்சாந்து குடுத்தேன். முட்டை அவிச்சா வெள்ளை அவனுக்கு, மஞ்சக் கரு இவளுக்கு. மஞ்சள்லதான் சத்துன்னு சொல்லித்தான் குடுத்தேன். கொஞ்ச நாள் கழிச்சி, "நைனா, போட்டிக்கு என் வெயிட்டு அம்பத்தொம்பது கிலோவுக்குள்ள நிக்கணும், மஞ்சக் கருவா தின்னா ஏறிப் போவுது"ன்னா. சரி, ஒத்துக்கலன்னா வோணாம்னு முட்டைய நிறுத்திட்டேன். புள்ளைங்க சொல்றதக் காதுல வாங்கற அப்பன் நான்.

காலையில அஞ்சு மணிக்கு ஹேமாதான் எழுந்திரிக்கும். வாசல் தெளிச்சி, தண்ணி புடிச்சி, அண்ணனுக்கு பவுடர் கலந்து வெக்கும். அவன் எழுந்து வந்து ஒரே மூச்சுல குடிச்சிட்டு குலுக்குற பாட்டில அப்டியே தூக்கிப் போட்டுட்டுப் போவான். கழுவறதும் அதுதான்.

ஒரு மாசம் டப்பா இருபது நாள்ல தீந்துது. எனக்கு சந்தேகம். அடுத்த டப்பாவுல வெளிப்பக்கம் பேனாவால கோடு போட்டு வெச்சேன். ஒரு நாளு பின்னாடி தோட்டத்துப் பக்கமா வந்து எட்டிப் பாக்கறேன், ஹேமா பாட்டில்ல கொஞ்சம் தண்ணி வுட்டு, குலுக்கி, அத்தக் குடிச்சிக்கினு இருக்கு. ஓரத்துல ஒட்டிக்கினு இருக்குமில்ல, அந்த மிச்சம்.

நான் கை வெக்கல தம்பி. இந்த வயசு வரைக்கும் பொண்ணு மேல கை வெச்சதில்ல. ஷெட்டுக்கு இட்டுக்கினு போயி, எல்லாரையும் நிக்க வெச்சி, "அண்ணனோட பவுடரத் திருடிக் குடிச்சேன், இனிமே குடிக்கமாட்டேன்னு சொல்லு"ன்னேன். இருவது பசங்க இருந்தாங்க. சொல்லிச்சு. கழுவின தண்ணின்னு அது சொல்லல. பவுடருன்னே சொல்லிச்சு. நான் சொன்ன வார்த்தைய அப்டியே சொல்லிச்சு. அன்னிக்கி கம்பியத் தூக்க வரல அதுக்கு, மூணு தடவையும் கீழ போட்டுது. மாஸ்டர் என்னப் பாத்து, "வெளிய போ"ன்னாரு. என்னை.

அதுலேர்ந்து கழுவின தண்ணிய கருவேப்பிலச் செடிக்கு ஊத்தச் சொல்லிட்டேன்.

டப்பா ஏன் சீக்கிரம் தீந்துதுன்னு கேக்கறீங்களா? அது பின்னாடிதான் தெரிஞ்சிது. லோகு ரெண்டு ரெண்டு கரண்டியா காயிதத்துல மடிச்சிக் கொண்டுபோயி கூட்டாளிங்களுக்கு வித்திருக்கான். போனுக்கு ரீசார்ஜ் பண்ண. ஆம்பளப் பையன், கைச்செலவுக்கு ஏதாவது வேணும் இல்ல. நான்தான் குடுத்திருக்கணும். அதுல என் தப்பும் இருக்குன்னு நான் ஒத்துக்கறேன்.

ஆனா அவனுக்கு வெயிட் ஏறவே இல்ல. ஸ்னாட்ச்ல, அதான் ஒரே மூச்சுல தலைக்கு மேல தூக்கறது, நூத்தஞ்சு கிலோவுலயே நிக்கிறான். இவ பொட்டுக்கடலை மாவத் தின்னுட்டு எழுபதுலேர்ந்து எண்பதுக்கு வந்துட்டா. ஷெட்டுல பசங்க அவனக் கிண்டல் பண்றானுங்க. ஊட்டுக்கு வந்து பேசமாட்டான், சோத்தத் தள்ளுவான். ஒரு அப்பனுக்கு எப்டி இருக்கும் சொல்லுங்க.

அப்பதான் கம்பெனியில ஒருத்தன் சொன்னான், பன்னீருன்னு ஒரு ஆளு இருக்கான், மாடி மேல ரூம்பு, போர்டு கீர்டு இல்ல. போயிப் பாத்தேன். மூட்டையில வெச்சிருக்கான். தராசுல போட்டு, வெள்ளைக் கவர்ல கட்டிக் குடுத்தான். பாதி விலை. "இது வெளிநாட்டுச் சரக்குண்ணே, பேரு ஒட்டாம வரதால கம்மி. ஒரு மாசம் குடுத்துப் பாருங்க, ஏறலன்னா காச வாபஸ் வாங்கிக்கோங்க"ன்னான். அவ்ளோ தைரியமா ஒருத்தன் சொல்றான்னா சரக்கு நல்லா இருக்கணும் இல்ல.

மாஸ்டர் சொன்னது ஞாபகம் வந்துது. வராம இல்ல. ஆனா அவரு பொறாமையில சொல்றாரோன்னும் தோணிச்சு. ஹேமாவத் தூக்கி வுடணும், லோகு வரக் கூடாதுன்னு. பழைய டப்பாவுலயே கொட்டி வெச்சிட்டேன், யாரும் கேக்கக் கூடாதுன்னு. ஹேமா மட்டும் கேட்டுது. "இது வாசனை வேற மாதிரி இருக்கு நைனா. எங்க வாங்கினது?" "உனக்கு எதுக்கு? கலக்கறது மட்டும் உன் வேலை"ன்னேன்.

ரெண்டே மாசம் தம்பி. தோளு இப்டி. கழுத்து இப்டி. நூத்தஞ்சு போயி நூத்திப் பதினெட்டு. தெருவுல நடந்து போனா ஆளுங்க திரும்பிப் பாக்கறாங்க. முதுவு பூரா பரு வந்துது, எதுக்கெடுத்தாலும் கத்தறான், ஒரு நாளு அவங்கம்மா சோறு போட லேட்டுன்னு தட்ட வீசிட்டான், அவ நெத்தியில பட்டுச்சு. வீரியம் இருக்கில்ல உள்ள, அது அப்டித்தான் பேசும். 

மாநிலப் போட்டிக்கு ரெண்டு பேரும் போனாங்க. லோகு ரெண்டாவது எடம். ஹேமா மொத எடம், தங்கம். நான் லோகு தூக்கறப்ப போயிருந்தேன். ஹேமா தூக்கினது மறுநாளு, லீவு இல்ல, போவல. ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. கூடவே ஆளு வந்து நின்னு, பாட்டில்ல மூத்திரம் புடிச்சி, சீல் வெச்சி டெல்லிக்கு அனுப்பறாங்க. ஊருக்கு வந்தா ஒரே சந்தோஷம். லோகுவுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கிப் பேரு வந்துடுச்சி, சர்ட்டிபிகேட்டுப் பாக்கற வேலைதான் பாக்கி. ஹேமாவுக்கு வடக்க எங்கியோ இந்தியா கேம்ப்புக்கு வரச் சொல்லி லெட்டர். நான் தெருவுல சாக்லேட்டு குடுத்தேன். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் குடுத்தேன்.

ஆறு வாரம் கழிச்சி டெல்லியிலேர்ந்து லெட்டர் வந்துது. லோகு பேருக்கு. ஏதோ ஒரு மருந்து பேரு போட்டு, உங்க ஒடம்புல இருந்திருக்கு, நாலு வருஷம் தடை, சொல்றதுக்கு ஏதாவது இருந்தா இத்தன நாளுக்குள்ள எழுதுங்கன்னு. ஹேமாவோட டெஸ்ட்டுல ஒண்ணும் இல்ல. எப்டி இருக்கும், பொட்டுக்கடலை மாவுதானே.

பையன் கதவச் சாத்திக்கினான். அவங்கம்மா கதவுக்கு வெளிய உக்காந்துக்கினா. நான் வேலூர் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலப் போயிப் பாத்தேன். அவரு லெட்டரப் படிச்சிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"உங்க பையனுக்கு அந்த பவுடர யாரு கலந்து குடுக்கறது?"

"என் பொண்ணு."

"பையனுக்குத் தெரியாம வேற யாராவது எதையாவது கலந்திருந்தா தண்டனை கொறையும். ஆனா அதுக்குக் காரணம் காட்டணும். சாட்சி வேணும்."

எனக்கு அப்பதான் வழி தெரிஞ்சிது தம்பி. ஷெட்டுல இருவது பேரு பாத்திருக்காங்க இல்ல, பவுடருக்காக அது அவமானப்பட்டு நின்னத. ஹேமாவுக்கு அண்ணன் மேல கோவம் இருந்துதுன்னு யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. வக்கீலு இன்னொண்ணும் சொன்னாரு, கலந்து குடுத்தவங்க வெளையாடற ஆளா இருந்தா அவங்களுக்கு இன்னும் பெரிய தடை வரும், யோசிச்சிக்கோங்கன்னு. சொன்னாரா சொல்லலியான்னு இப்பக் கேட்டா எனக்கு சரியா ஞாபகம் இல்ல. கோர்ட்டு ரோட்டுல பஸ் சத்தம் வேற.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஹேமாவக் கூப்பிட்டேன். கேம்ப்புக்குப் போறதுக்குத் துணி மடிச்சிக்கினு இருந்துது.

"நீதான் கலந்தேன்னு ஒரு காயிதம் எழுதிக் குடு."

"நான்தானே நைனா கலந்தேன். நீ வாங்கியாந்தத கலந்தேன்."

"நான் வாங்கியாந்தத எழுத வோணாம். அண்ணன் மேல கோவத்துல நீயே வாங்கி, அதுல போட்டேன்னு எழுது."

கையில இருந்த துணிய வெச்சிட்டுது. "பன்னீரு கடையில வாங்கினேன்னு நீ எழுதிக் குடு நைனா. அதுதானே நடந்துது."

நான் எப்டி எழுதறது? பெத்த அப்பனே பையனுக்கு மருந்து வாங்கிக் குடுத்தான்னு ஊர்ல பேசமாட்டாங்களா? கம்பெனியில தலை நிமிந்து நடக்க முடியுமா? அதுமில்லாம மாஸ்டர் எச்சரிக்கை பண்ணாருன்னு அவரே வந்து சொல்லுவாரு. அப்புறம் பையனும் தெரிஞ்சித்தான் குடிச்சான்னு ஆயிடும். எல்லாத்தையும் பொறுமையா எடுத்துச் சொன்னேன்.

"எனக்கு இன்னா ஆவும்?"

"பொம்பளப் புள்ள, உன்ன இன்னா பண்ணிடுவாங்க. கூப்பிட்டுத் திட்டுவாங்க."

உள்ள லோகு போன்ல ஏதோ பாட்டு ஓடிக்கினு இருந்துது. சத்தத்த ஏத்தி வெச்சான்.

அஞ்சலாட்சி அடுப்பாண்ட நின்னுக்கினு இருந்தவ திரும்பி, "நான் கலந்தேன்னு எழுதிக்கோயேன். எனக்கு இன்னா, நானா வெயிட் தூக்கறேன்"ன்னா. அவ நெத்தியில அந்தத் தட்டு பட்ட தழும்பு அப்பவும் தெரியும். நான் யோசிச்சேன் தம்பி. யோசிக்காம ஒண்ணும் செய்யல. ஆனா பெத்தவளுக்குப் பையன் மேல இன்னா கோவம் இருக்க முடியும்? எவன் நம்புவான்? டெல்லியிலேர்ந்து போன்ல கேள்வி கேட்டா இவ அழுவா, அழுதா உண்மையக் கொட்டிடுவா. ஹேமா அழாது. அது எனக்குத் தெரியும். கஷ்டத்துலயும் எந்தப் புள்ளைக்கு எவ்ளோ தெம்பு இருக்குன்னு பெத்தவனுக்குத்தானே தெரியும்.

வக்கீலு எழுதிக் குடுத்தத நான் தமிழ்ல ஒரு தடவ எழுதி வெச்சிருந்தேன், அது படிச்சிப் பாக்கட்டும்னு. ரெண்டு தடவ படிச்சிது. அப்புறம் பேனா எடுத்து ஒரு எழுத்த அடிச்சிட்டு மாத்திச்சு. "பொறாமைக்கு வல்லின ற போடணும் நைனா. நீ சின்ன ர போட்டிருக்க." மாத்திட்டுக் கீழ கையெழுத்துப் போட்டுது. அப்புறம் மடிச்ச துணிய எல்லாம் எடுத்து அலமாரியில வெச்சிது, ஒண்ணு ஒண்ணா. பன்னெண்டு வரைக்கும் படிச்ச பொண்ணு இல்லியா. எதுலயும் தப்பு இருக்கக் கூடாது அதுக்கு.

தீர்ப்பு வந்துது. லோகுவுக்கு நாலு வருஷம் ரெண்டாச்சு. ஹேமாவுக்கு எட்டு.

எட்டுன்னு நான் எதிர்பாக்கல. நிஜமாத்தான் சொல்றேன். ஆனா பாருங்க, மொத்தமாப் பாத்தா வீட்டுக்கு நல்லதுதான் நடந்துது. அது எப்டியும் கல்யாணம் ஆயிப் போவறது. இவனுக்கு ரெண்டு வருஷம் பெரிய வித்தியாசம்.

மாஸ்டர் வீட்டுக்கே வந்துட்டாரு. வாசல்லயே நின்னுக்கினு, "பன்னீருகிட்ட வாங்கினது நீதானே"ன்னாரு. "பாத்தீங்களா மாஸ்டர்?"ன்னு கேட்டேன். அவரு என்ன வுட்டுட்டு ஹேமாவப் பாத்தாரு. "இப்பக்கூட லேட்டாவல. நீ சொல்லு, நான் டெல்லிக்கே இட்டுக்கினு போறேன்"ன்னாரு. அது என்னப் பாத்துது.  "நான்தான் மாஸ்டர் கலந்தேன்"ன்னுது. அவரு செருப்ப மாட்டிக்கினு போயிட்டாரு. அப்புறம் எனக்கு வணக்கம் சொன்னாக்கூட வாங்கறதில்ல. போவட்டும்.

அதுக்கப்புறமும் ஹேமா காலையில ஷெட்டுக்குப் போச்சு. தூக்கறதுக்கு இல்ல, சின்னப் பசங்களுக்குத் தட்டு மாட்டி வுடறதுக்கு. தடையில இருக்கிற ஆளு ஷெட்டுல நிக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு தம்பி. யாராவது போட்டோ புடிச்சி அனுப்பினா லோகு கேசையும் திரும்பக் கிண்டுவாங்க. நானே போயி மாஸ்டராண்ட சொன்னேன், ரூல்னா ரூலுதான், அத்த உள்ள வுடாதீங்கன்னு. அவரு கேக்கறாப்ல இல்ல. அதனால வீட்ல சொல்லி நிறுத்தினேன். தோட்டத்துல ரெண்டு குடத்துல மண்ணு ரொப்பி ஒரு கழியில கட்டி வெச்சிருந்துது. அத்தயும் பிரிச்சிட்டேன். அக்கம்பக்கத்துல பாக்கறாங்க இல்ல.

சரி, கல்யாணத்தப் பண்ணிடலாம்னு பாத்தேன். குடியாத்தத்துலேர்ந்து ஒரு எடம், பையன் பேங்க்ல காவலு. பொண்ணு புடிச்சிப் போச்சு, பூ வெக்கிற நாளு வரைக்கும் வந்துது. திடீர்னு வோணாம்னுட்டாங்க. ஏன்னு கேட்டா, "கூடப் பொறந்த அண்ணனுக்கே மருந்து வெச்ச பொண்ணாமே"ங்கறாங்க. எவன் போயி சொன்னான்னே தெரியல. டீக்கடையில, கம்பெனியில, கேட்டவங்களுக்கு நான் சொல்லித்தான் ஆவணும், பையன் மேல தப்பில்லன்னு. அதுக்காக அடுத்த ஊரு வரைக்கும் கொண்டுபோவறதா. ஜனங்களுக்கு ஈரமே இல்ல தம்பி.

அதுக்கப்புறந்தான் ஒசூரு. போன் பார்ட்டு செய்யிற கம்பெனி, பொண்ணுங்க ஹாஸ்டலு. ஒரு நாளு காலையில பை எடுத்துக்கினு கெளம்பிச்சு, நான் வோணாம்னு சொல்லல. மூணு வருஷம் ஆவுது. தீபாவளிக்கும் வரல, பொங்கலுக்கும் வரல. ஷிப்ட்டு. அவங்கம்மாதான் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ போயி ரெண்டு நாள் தங்கிட்டு வரா. வந்தா என்னாண்ட ஒண்ணும் சொல்றதில்ல.

லோகு திரும்பத் தூக்க வந்துட்டான். தடை முடிஞ்சிப் போச்சு. ஆனா அந்த வேலை போச்சு, அவங்க ரெண்டு வருஷம் காத்துக்கினு இருப்பாங்களா. இப்ப நூறத் தூக்கறதுக்கே திணர்றான். நல்ல பவுடரு வேணும், சீல் வெச்சது. எனக்கு இடுப்பு போயிடுச்சி, லோடு வேலைய வுட்டுட்டேன், எங்கேர்ந்து வாங்கறது? ஹேமாகிட்ட போயி நின்னேன். வாங்கித் தரேன்னுது. ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல. அந்த மாதிரி வளத்து வெச்சிருக்கேன்.

ஆனா ஒரு பழக்கம் வெச்சிருக்கு, அதுதான் எனக்குப் புரியல. ஹாஸ்டல் கேட்டாண்டதான் குடுக்கும். வாட்ச்மேன எழுந்திரிச்சி நிக்கச் சொல்லும். டப்பாவ என் கையில குடுத்து, "நீயே தொற"ன்னும். நானே மூடியத் தொறந்து, வெள்ளிக் காயிதம் கிழியாம இருக்கறத வாட்ச்மேனுக்குக் காட்டணும். அவன் பாத்தேன்னு சொல்லணும். அப்புறம் போன்ல ஒரு போட்டோ புடிக்கும், நானு, டப்பா, வாட்ச்மேனு. அதுக்கப்புறந்தான் எடுத்துக்கினு போவலாம். பெத்த அப்பன நிக்க வெச்சி இப்டிப் பண்ணுவாங்களா? காலம் கெட்டுக் கெடக்கு, கடைக்காரன் ஏமாத்திடுவான்னு பயம் போல. ஜாக்கிரதையான பொண்ணு. தொடாது அந்த டப்பாவ, தெரியுமா? கடையிலேர்ந்து வந்த அட்டப் பெட்டியோட குடுக்கும். பெட்டியப் பிரிக்கறதும் நான்தான்.

ஆம்பூர் வந்துடுச்சா? இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும் எனக்கு.

போன மாசம் ஒரு சங்கடம் ஆயிடுச்சி. அந்த கேட்டாண்ட நோட்டு ஒண்ணு வெச்சிருக்காங்க, வரவங்க போறவங்க எழுதறதுக்கு. எப்பவும் ஹேமாதான் எழுதும், நான் கண்ணாடி கொண்டுபோறதில்ல. போன மாசம் கண்ணாடி இருந்துது. பாக்கறேன். பேரு தணிகாசலம், ஊரு வேலூர், எல்லாம் சரியா இருக்கு. உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல, "டப்பா வாங்கிச் செல்பவர்"னு எழுதியிருக்கு. பக்கத்தத் திருப்பினேன். அதுக்கு முந்தின மாசமும் அதேதான். அதுக்கு முன்னாடியும். அவங்கம்மா வந்தப்ப மட்டும் "அம்மா"ன்னு எழுதியிருக்கு.

"இன்னாம்மா இது, அப்பான்னு எழுது"ன்னேன்.

"நேரமாவுது"ன்னு உள்ள போயிட்டா. ஷிப்ட்டுக்கு வண்டி நின்னுக்கினு இருந்துது, அது உண்மைதான்.

சரி, நானே மாத்திடலாம்னு வாட்ச்மேனாண்ட பேனா கேட்டேன். அந்தாளு எனக்கு மேல வயசானவன், இத்தன மாசமாப் பாக்கறான், ஒரு டீ வாங்கிக் குடுத்திருக்கேன். பேனாவக் குடுக்கல. நோட்ட மூடி மேசைக்குள்ள வெச்சிட்டான். "உள்ள இருக்கிற பொண்ணு எழுதறதுதான் சார் செல்லும், வர்றவங்க சொல்றதெல்லாம் செல்லாது"ன்னுட்டான்.

அப்டி ஒரு ரூல் வெச்சிருக்காங்க தம்பி அங்க.